ஒயரை மட்டும் மாற்றிக் கொடுத்த கடை

இது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடையைப் பற்றியது. கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று அதை நடத்தும் தம்பியே கேட்டுக்கொண்டார். போட்டாலும் பெரிய பயன் இல்லை, பலகையில் பாதி எழுத்து வெயிலில் வெளுத்துவிட்டது. மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், பழைய கடைவரிசையில், முடிவெட்டும் கடைக்குப் பக்கத்தில் என்றால் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஊருக்குப் பெயர் மாற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது. எங்கள் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. இல்லாவிட்டால் இந்தக் கிழவனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள், அதுவும் நியாயம்தான். நான் 31 வருடம், செம்பனைக் குலையிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஒரு மில்லில் லோரித் தராசுக் கிராணியாக, அதாவது எடைக் கணக்கு எழுதுபவனாக இருந்தவன். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும், எடை போடுவேன், சீட்டு கொடுப்பேன். லோரி ரேம்ப்புக்குப் போய்க் குலையைக் கொட்டிவிட்டு வெறும் லோரியாகத் திரும்ப வரும், மறுபடி எடை. முன்னதில் பின்னதைக் கழித்தால் குலையின் எடை. 31 வருடமும் இந்த ஒரே கழித்தல் கணக்குதான். எங்கள் வட்டாரத்துக்குச் செம்பனை நேற்று வந்த பயிர் இல்லை. மலேசியாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் செம்பனை நட்ட தோட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 1917-ல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை நட்டது. தோட்டத்தின் பெயர் தெனமாரம். கொஞ்சம் நிறுத்திச் சொல்லிப் பாருங்கள், தென்னைமரம் என்று காதில் விழும். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர்!

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பழைய படங்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். ஆட்கள் ரவாங், கிள்ளான், ஷா ஆலாம், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். அவரவர் வீட்டு அலமாரியில் கிடந்த படங்களை வாங்கி ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்ததில் 14,000-க்கு மேல் சேர்ந்துவிட்டது. சாக்குப்பை ஓட்டம், பொங்கல், தீமிதி, துரை மாற்றலாகிப் போகும்போது மாலை போட்டு எடுத்த குரூப் படம், எல்லாம் இருக்கிறது. இவற்றை எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே பார்ப்பதற்கு என் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி ராவும் பகலும் ஓட வேண்டும்.

அந்தப் பெட்டியை வாங்கியது இந்தக் கடையில்தான். ஏதோ அலுவலகத்தில் ஓடிக் கழித்துப்போட்ட சின்னப் பெட்டி. சிபியு, அதாவது கணக்குப் போடும் சில்லு, ஆறாம் தலைமுறை ஐ5, அதில் 4 கோர். 8 ஜிபி ராம். 480 வெள்ளி, அதாவது ரிங்கிட். டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டுக் கொடுத்தார். படங்களை வைக்க என்னிடம் ஏற்கெனவே ஒரு 2 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தது, ஆனால் அதன் ஒயர் தொலைந்துபோயிருந்தது. தம்பி மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு யூஎஸ்பி ஒயரை எடுத்துச் "சும்மா எடுத்துக்குங்க அங்கிள்" என்றார். இந்த ஒயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அக்கா மகன் சின்னதாக ஒரு வேலை செய்து வைத்திருந்தான். பெட்டியின் லோட் ஆவ்ரேஜ் 4-ஐத் தாண்டினால் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும். அது என்ன எண், ஏன் 4 என்றெல்லாம் அவன் சொன்னான். நான் சரி சரி என்று தலையாட்டினேன், காதில் வாங்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம், எல்லாரும் படம் பார்க்க வரும் நேரம் பார்த்து, செய்தி வர ஆரம்பித்தது. 6. அப்புறம் 8. அப்புறம் 9. படம் ஒன்றும் திறக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா போன் போட்டு, "அண்ணே, எங்கம்மா படத்த மறுபடி ஒரு தடவ பாக்கணும்னு பிள்ளைங்கள எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சிட்டேன்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

தம்பியின் கடைக்கு அன்றைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அவர் போன் எடுக்க மாட்டார், அந்தக் குறையைப் பின்னால் சொல்கிறேன். அவசரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பெரிய ஊரில் இருக்கும் குளுகுளு கடைக்குப் போய்விட்டேன். எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. சட்டையில் பெயர் குத்திய ஒரு பையன் என் கைப்பேசியில் இருந்த செய்தியைப் பார்த்தான். "லோட் 9 அங்கிள். நாலு கோர்தான் இருக்கு. ரெண்டு மடங்குக்கு மேல போயிருச்சு. இந்த சிபியு தாங்காது" என்றான். புதுப் பெட்டி 2,300 வெள்ளி, தவணையிலும் கட்டலாம் என்று காகிதத்தை நீட்டினான். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவன் சொன்ன கணக்கு தப்பில்லை என்பதுதான் வேடிக்கை. 9-ஐ நாலால் வகுத்தால் இரண்டேகால். கையெழுத்துப் போடும் அளவுக்குப் போய்விட்டேன், நல்லவேளை கண்ணாடியைக் கொண்டுபோகவில்லை.

மறுநாள் காலையில் நம்ம ஊர்க் கடைக்குப் போனேன். தம்பி பெட்டியை வாங்கி மேசையில் வைத்து, ஹார்ட் டிஸ்க்கையும் அதே ஒயரால் மாட்டி, மின்சாரம் கொடுத்தார். "கொஞ்ச நேரம் ஓடட்டும் அங்கிள், நோவு வந்தாத்தானே வைத்தியம் பாக்கலாம். போய்ப் பசியாறிட்டு வாங்க" என்றார். எதிர்வரிசையில் ரொட்டி சானாய் ஒன்றும் தே ஓவும் முடித்துக்கொண்டு அரை மணிக்குள் திரும்பினேன். அதற்குள் இரண்டு கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்திருந்தார். பிறகு என் பெட்டியில் அப்டைம் என்ற கட்டளையைத் தட்டினார். வரியின் கடைசியில் மூன்று எண் வந்தது. 9.08, 8.95, 7.40.

"இது என்னன்னு தெரியுமா?"

"நூத்துக்கு 9" என்றேன். "அது கம்மிதானே, அப்புறம் ஏன் எல்லாரும் பயமுறுத்துறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "அங்கிள், நீங்க தராசுல இருந்தவர்தானே. எங்கப்பா உங்க மில்லுக்குக் குலை ஏத்தினவரு" என்றார்.

இது எனக்குத் தெரியாது. அப்பாவின் பெயரைச் சொன்னதும் முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பச்சை லோரி, கண்ணாடியில் முருகன் படம், சீட்டு வாங்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"எங்கப்பா மத்தியானம் 2 மணிக்கு உங்க கேட்டுக்கு வருவாரு. மேடை ஏறும்போது ராத்திரி 9 மணி. உங்க புக்குல என்னன்னு எழுதுவீங்க?"

மேடை ஏறிய நேரம், இறங்கிய நேரம். அதைத்தான் எழுதுவேன். 12 நிமிடம் என்று இருக்கும். குலை அதிகமாக விழும் செப்டம்பர், அக்டோபரில் லோரி வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கும். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அதனால் எல்லாருக்கும் அவசரம். ஆனால் மாதக் கணக்கில் நான் துரைக்கு எழுதிக் கொடுத்தது ஒரு லோரிக்கு 12 நிமிடம், மேடை நாள் முழுக்க ஓய்வில்லாமல் ஓடியது, இவ்வளவுதான். ரோட்டில் நின்ற லோரி என் புத்தகத்தில் கிடையாது.

"அதுதான் சிபியு பெர்சன்ட். மேடை எவ்வளவு நேரம் காலியா இல்லாம இருந்துச்சுன்னு மட்டும் சொல்லும். வெளியே ஒரு லோரி நின்னாலும் நூறுதான், முப்பது நின்னாலும் நூறுதான். லோட் ஆவ்ரேஜ் அப்படி இல்ல. மேடையில நிக்கிறதையும் எண்ணும், வரிசையில நிக்கிறதையும் எண்ணும்."

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. இந்தப் பெட்டியில் 4 கோர் என்றால் 4 மேடை. எண் 4 என்றால் நாலு மேடையிலும் ஒவ்வொரு லோரி, வெளியே ஆள் இல்லை, மில் ஜோராக ஓடுகிறது. 9 என்றால் நாலு மேடை மேல், ஐந்து வெளியே. இதே 4 என்ற எண் ஒரே மேடை உள்ள மில்லில் வந்தால் மூன்று டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆக, மேடை எத்தனை என்று தெரியாமல் எண்ணைப் பார்த்துப் பயந்து பயனில்லை. பெட்டியில் எத்தனை மேடை என்று தெரிந்துகொள்ள என்ப்ராக் என்று தட்டினால் போதும். அக்கா மகன் 4 என்று வைத்ததற்குக் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

மூன்று எண் எதற்கு என்றால், கடைசி 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம். இடமிருந்து வலம் புதியதிலிருந்து பழையதுக்குப் போகிறது. இடது எண் பெரிதாக இருந்தால் கூட்டம் இப்போதுதான் சேர்கிறது, வலது எண் பெரிதாக இருந்தால் கூட்டம் கலைந்துகொண்டிருக்கிறது. இவ்வளவும் அக்கா மகன் சொன்னதுதான். நான்தான் கேட்கவில்லை.

சரி, அந்தக் குளுகுளு கடைப் பையன் சொன்னதுதானே இதுவும்? ஒன்பது லோரிக்கு நாலு மேடை போதாது, புது மில் கட்டு என்றுதானே அவனும் சொன்னான்? இதைக் கேட்டேன். தம்பி பதில் சொல்லாமல் டாப் என்று தட்டினார். கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடியது. மேலே ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். யுஎஸ் என்ற இடத்தில் 1. எஸ்ஒய் என்ற இடத்தில் 1. ஐடி என்பதில் 2. டபிள்யூஏ என்பதில் 96.

"யுஎஸ்ஸும் எஸ்ஒய்யும்தான் வேலை. மொத்தம் ரெண்டு பெர்சன்ட். ஐடின்னா சும்மா இருக்கிறது. உங்க மேடை நாலும் காலியா கெடக்கு அங்கிள்."

"அப்போ அந்த 96?"

"அதுவும் சும்மா இருக்கிறதுதான். மேடை காலி, ஆனா யாரோ டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்."

மேடை காலி, வரிசையில் ஒன்பது. இது என் 31 வருட அனுபவத்தில் ஒரே ஒரு சமயத்தில்தான் நடக்கும். ரேம்ப்பில் ஒரு லோரி தொட்டியைத் தூக்கும்போது பாதியில் மாட்டிக்கொள்ளும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. அதன் பின்னால் எடை போட்டு முடித்த லோரிகள் எல்லாம் உள்ளே நிற்கும். அந்த நேரத்தில் நான் தராசு அறையில் தே குடித்துக்கொண்டிருப்பேன், எனக்கு வேலை இல்லை. ஆனால் கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகாவைக் கேட்டால், உள்ளே ஒன்பது லோரி என்பார். என் கணக்கும் சரி, அவர் கணக்கும் சரி.

இதைச் சொன்னதும் தம்பி மேசையைத் தட்டினார். "அதேதான்! லினக்ஸ் ஜாகா கணக்கு." ஓடும் வேலைகளைப் பட்டியல் போடும் பிஎஸ் என்ற கட்டளையைப் போட்டு, டி என்ற எழுத்து விழுந்த வரிகளை மட்டும் பிரித்துக் காட்டினார். ஒன்பது வரி. எட்டு வரி படங்களைச் சின்னதாக்கும் வேலை, பெட்டியைத் திறந்ததும் தானாக ஆரம்பிக்கிற மாதிரி அக்கா மகன் வைத்தது. ஒரு வரி நகல் எடுக்கும் வேலை. ஒன்பதும் அந்த வெளி டிஸ்க்கைத்தான் கேட்டுக்கொண்டு நிற்கின்றன. டி என்றால் எழுப்ப முடியாத தூக்கமாம். ஒன்றைக் கொன்று காட்டுகிறேன் என்று கில் கட்டளையை 9-ஆம் எண்ணோடு போட்டார். எதற்கும் அசையாத வேலையும் அதற்குச் செத்துவிடும் என்பார்கள். எண்டரைத் தட்டினார். மறுபடி பார்த்தால் வரி அப்படியே இருக்கிறது. மாட்டிக்கொண்ட லோரிக்குப் பின்னால் நின்று கத்துகிற மாதிரிதான், தொட்டி இறங்கினால்தான் நகரும்.

அப்புறம் அவர் செய்தது ஒரே ஒரு காரியம். பெட்டிக்குள் நடப்பதை லினக்ஸ் எழுதி வைக்கும் டிமெசேஜ் என்ற பதிவைத் திறந்து பார்த்தார். யூஎஸ்பி விட்டுவிட்டு இணைகிறது, மறுபடி விடுகிறது என்று பக்கம் பக்கமாக ஒரே வரி. ஒயரின் முனையை இரண்டு விரலால் லேசாக ஆட்டினார். டிஸ்க்கின் விளக்கு அணைந்து எரிந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது நான் கொடுத்த ஒயர்தானே அங்கிள்" என்றார்.

நான் ஆமாம் என்றேன்.

பழைய ஒயரைப் பிடுங்கினார். ஒன்பது வரியும் ஒவ்வொன்றாக விழுந்தது. உறையில் இருந்த புது ஒயரைப் பிரித்து மாட்டினார். படம் சின்னதாக்கும் வேலையை நிறுத்தி வைத்தார். பிறகு அந்த மூன்று எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கூட்டம் ஒரே நொடியில் கலைந்துவிட்டது, ஆனால் எண்கள் கலையவில்லை. 5 நிமிடம் கழித்து 0.16, 3.36, 5.33 என்று நின்றது. யாராவது அப்போது கடைக்குள் வந்து கடைசி எண்ணை மட்டும் பார்த்திருந்தால் பெட்டி திணறுகிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஏன் உடனே இறங்கவில்லை என்று கேட்டதற்கு ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். சராசரி என்று பெயர்தானே தவிர, இது நாம் பள்ளியில் கூட்டி வகுக்கிற சராசரி இல்லை. 5 விநாடிக்கு ஒருமுறை வரிசையில் எத்தனை என்று எண்ணும். 1 நிமிட எண்ணுக்கு, பழைய எண்ணில் நூற்றுக்கு 92 பங்கை வைத்துக்கொண்டு, இப்போது எண்ணியதில் 8 பங்கைச் சேர்க்கும். 15 நிமிட எண்ணுக்குப் பழையதிலேயே 99-க்கு மேல் வைத்துக்கொள்ளும், அதனால்தான் அது மெதுவாக மறக்கிறது. ரசத்தில் தினமும் ஒரு கரண்டி எடுத்துவிட்டுப் புது ரசம் ஒரு கரண்டி ஊற்றுகிற மாதிரி, பழைய புளிப்பு ஒரேயடியாகப் போகாது. இந்த உவமை என்னுடையது, தம்பிக்குச் சமையல் தெரியாது. எதிர்ப்பக்கமும் ஓட்டிக் காட்டினார். சும்மா கிடந்த பெட்டியில் யெஸ் என்ற கட்டளையை ஓட விட்டால் ஒரு கோரை முழுசாகத் தின்னும். வரிசையில் ஒன்று, ஆனால் 1 நிமிடம் முடிந்து பார்த்தால் 1 நிமிட எண் 1 என்று காட்டாது, 0.6 சொச்சம்தான். அதே ஒன்று தொடர்ந்து 5 நிமிடம் ஓடினால் 5 நிமிட எண் 0.6-க்கு வரும்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்கு வந்து அக்கா மகனை உட்கார வைத்துத் தோண்டினேன். 1973 ஆகஸ்டில், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்காரர்களின் ஆர்எஃப்சி 546 என்ற குறிப்பு ஒன்று இருக்கிறது. டெனெக்ஸ் என்ற அமைப்பு ஓடிய பெரிய கம்ப்யூட்டர்களின் ஜூலை மாத லோட் ஆவ்ரேஜை அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸுக்கு அது அப்புறம் வந்தது. 1973-ல் நான் ஐந்தாம் வகுப்பு, எங்கள் லயத்தில் மின்சாரம் ராத்திரி மட்டும்தான். பெரும்பாலான யுனிக்ஸில் ஓடுவதையும் ஓடக் காத்திருப்பதையும் மட்டும்தான் எண்ணுவார்கள், லினக்ஸும் முதலில் அப்படித்தான் இருந்தது. 1993-ல் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர்தான் அந்த டி வரிகளையும் சேர்த்து எண்ணச் சொல்லித் திருத்தம் அனுப்பினார். அவர் சொன்ன காரணம் எந்தக் கிராணிக்கும் புரியும். நினைவகம் போதாதபோது பயன்படுத்தும் டிஸ்க்கை, வேகமானதை எடுத்துவிட்டு மந்தமானதாக மாற்றினால் கம்ப்யூட்டர் மெதுவாகும். ஆனால் பழைய கணக்குப்படி லோட் குறையும், ஏனென்றால் எல்லாரும் டிஸ்க்கில் மாட்டிக்கொண்டு வரிசைக்கே வரமாட்டார்கள். மில் நின்றுபோன நாளில் என் புத்தகம் ரொம்பச் சுத்தமாக இருந்ததே, அதே கதை. ரொம்ப காலம் இந்தக் காரணம் யாருக்கும் ஞாபகம் இல்லாமல், 2017-ல் பிரெண்டன் கிரெக் என்ற நிபுணர் பழைய மின்னஞ்சல் கட்டுகளைத் துழாவிக் கண்டுபிடித்தாராம்.

இன்னொரு விஷயமும் அக்கா மகன் காட்டினான், சிரித்து மாளவில்லை. லினக்ஸின் மூல நிரலில் இந்த எண்ணைக் கணக்கிடும் கோப்பின் தலையிலேயே, இது ஒரு அசட்டு எண், ஆனால் ஆட்கள் இதை முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்கிற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களே அப்படிச் சொல்லும் எண்ணைக் காட்டித்தான் என்னிடம் 2,300 வெள்ளி கேட்டார்கள்.

எண் அசடாக இருக்கலாம், எனக்கு அது தேவைப்படுகிறது. ஏதோ கூட்டம் என்று சொல்கிறது, அவ்வளவு போதும். கூட்டம் மேடையிலா ரேம்ப்பிலா என்று நான் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குத் தனியாகவே ஒரு வழி 2018 கடைசியில் வந்த லினக்ஸ் 4.20-லிருந்து இருக்கிறது. ப்ராக் அடைவுக்குள் பிரஷர் என்ற இடத்தில் சிபியு, ஐஓ, மெமரி என்று மூன்று கோப்பு. எந்தக் காரணத்தால் எவ்வளவு நேரம் வேலை நின்றது என்று மூன்றையும் பிரித்துச் சொல்லும். டெபியனில் இருக்கிறதா என்று தம்பியிடம் கேட்டேன், என் பெட்டியில் திறந்தே காட்டினார். ஆனால் எனக்குக் கை பழகியது அப்டைம்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு ஒரு பழைய கோபமும் தீர்ந்தது. இந்தப் பெட்டி வாங்குவதற்கு முன்னால் மாதம் 40 வெள்ளிக்கு வாடகை சர்வர் ஒன்று எடுத்திருந்தோம், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஒரே ஒரு கோர். லோட் 3 என்று நிற்கும், நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யாதபோதும். அவர்களிடம் கேட்டால் உங்கள் வேலை அதிகம், பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்பார்கள். அப்போது அக்கா மகன் எடுத்து வைத்திருந்த டாப் படத்தைத் தம்பியிடம் காட்டினேன். அதே வரியின் கடைசியில் எஸ்டி என்று ஒரு இடம், அதில் 40-க்கு மேல். அது பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்ட நேரமாம். ஒரே இயந்திரத்தைப் பல பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், எங்கள் முறை வரும்போது வேறு ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார். லயத்துக்கு ஒரே குழாய் இருந்த காலத்தில் எங்கள் அம்மா காலை 4 மணிக்கு வாளியோடு போய் நிற்பார். வாளி நிறையாததற்கு வாளியைக் குறை சொல்லி என்ன பயன்?

கடைக்கு வருகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும்.

பலகையில் 9.30 என்று போட்டிருக்கிறது. 11.30-க்கு முன்னால் நான் ஒருநாளும் கதவு திறந்து பார்த்ததில்லை. போன் எடுக்கமாட்டார். வாட்ஸ்அப் அனுப்பினால் இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் வரும், அது சரி என்பதா வா என்பதா என்று தெரியாது. பில் கேட்டால்தான் கொடுப்பார், அதுவும் கையெழுத்து புரியாது. உட்கார ஒரு நாற்காலிதான், அதன் மேல் எப்போதும் யாருடைய பிரிண்டராவது இருக்கும். கடைக்குள் தூசி. சர்வீசுக்கு வந்த பெட்டிகளைவிடக் கடையின் சொந்தக் கம்ப்யூட்டர்தான் அதிகத் தூசி. அப்புறம், இழுப்பறையில் இருந்து எடுத்த ஒயரைச் சோதிக்காமல் கொடுத்தது அவர் தப்பு. சும்மா கொடுத்தாலும் தப்புதான். என் தீபாவளி வாரத்தைக் கெடுத்தது அந்த ஒயர். அதை அவர் தானாக ஒப்புக்கொண்டதால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் கேட்கும் முன்பே அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. டிஸ்க் போய்விட்டது என்று 300 வெள்ளிக்கு ஒன்றை விற்றிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன்.

கூலி 20 வெள்ளி. ஒயருக்குக் காசு வாங்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அவரிடம் கிடைப்பது கழித்துப்போட்ட அலுவலகப் பெட்டிகள்தான், விளையாட்டுக்குப் பெரிய கிராஃபிக்ஸ் அட்டை தேடுகிறவர்கள் போக வேண்டாம். பிள்ளைகளின் பள்ளி வேலை, வீட்டில் ஓட விடும் சின்ன சர்வர், இந்த மாதிரிக்கு நல்லது. ஒரு மாத உத்தரவாதம், வாய்மொழியாக. தட்டச்சுப் பலகையில் தமிழ் எழுத்து ஒட்டித் தருவார், 10 வெள்ளி. ஐந்துக்கு நாலு நட்சத்திரம், ஒன்று கதவு திறக்கும் நேரத்துக்காகக் கழித்தது.

தீபாவளி அன்று காலையிலிருந்து பெட்டி தாங்கியது. 12 மணிவாக்கில் அதிகபட்சம் 3.70 போனது, டபிள்யூஏ ஒற்றை இலக்கம், வேலை எல்லாம் மேடையில்தான். சிங்கப்பூர் அம்மா பிற்பகல் போன் போட்டு, அம்மா படம் கிடைத்துவிட்டது, பின்வரிசையில் மூன்றாவது, தலையில் கனகாம்பரம் என்றார்.

போன வாரம் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கப் போனேன். கதவு மூடிக் கிடந்தது. ஐந்தடியில், அதாவது கடை வாசல் நடைபாதையில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது, ஆனாலும் ஆளைத் தெரிந்துவிட்டது. நான் வணக்கம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கிராணி சார், எத்தனை மணிக்கு வந்தீங்க?" என்றார்.

11.10 என்றேன்.

மகன் 11.40-க்கு வந்து கதவைத் தூக்கினார். பெரியவர் மணிக்கட்டைத் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மடியில் இருந்த பேப்பரின் ஓரத்தில் இரண்டு நேரத்தையும் எழுதினார்.